முத்திரைத்தாள் முதல் போர்க்களம் வரை: அமெரிக்க விடுதலைப் போர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் உலக வரலாறு எடுக்கிறேன். அமெரிக்க விடுதலைப் போர் வரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. குறிப்புகளில் முத்திரைச் சட்டம், பாஸ்டன் தேநீர் விருந்து, சுதந்திரப் பிரகடனம் என்று படிக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு மக்கள் எப்படி ஏறினார்கள் என்பதுதான் விடுபட்டுப் போகும். பிள்ளைகள் துருவித் துருவிக் கேட்பதும் அதைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, வகுப்பில் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அங்க இருந்ததும் வெள்ளைக்காரங்க, ஆண்டதும் வெள்ளைக்காரங்க. அப்புறம் யாருகிட்ட இருந்து விடுதலை?

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் பிரிட்டனுக்குப் பல குடியேற்றங்கள் இருந்தன. பின்னால் சேர்ந்து போராடியவை அவற்றில் 13. முதலாவது 1607இல் வர்ஜீனியாவில் வந்த ஜேம்ஸ்டவுன். கடைசியாகச் சேர்ந்தது 1730களில் ஜார்ஜியா. 1775 வாக்கில் இந்த 13லும் சேர்த்து ஏறக்குறைய 25 லட்சம் பேர். அவர்களில் ஐந்தில் ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் அல்லது அவர்கள் வழிவந்தவர்கள்.

ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் சொந்தமாக ஒரு சட்டமன்றம் உண்டு. வரி போடுவது, செலவு செய்வது, பல இடங்களில் ஆளுநருக்குச் சம்பளம் ஒதுக்குவதுகூட அந்தச் சட்டமன்றத்தின் வேலை. லண்டன் கப்பல் வணிகத்துக்கு விதி போடும். உள்ளூர் விவகாரத்தில் பெரும்பாலும் கைவைக்காது. இப்படியே தலைமுறை தலைமுறையாகப் போயிற்று. அந்த மக்கள் தங்களை அடிமைப்பட்டவர்களாக நினைக்கவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் வாழும் ஆங்கிலேயர்கள் என்றே நினைத்தார்கள். பின்னால் வந்த கோபத்துக்கு வேரும் அங்கேதான் இருக்கிறது. லண்டனில் இருக்கும் ஆங்கிலேயனுக்கு உள்ள உரிமை பாஸ்டனில் இருப்பவனுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள்.

மனக்கசப்பு எப்ப ஆரம்பிச்சது? ஒரே ஒரு வருஷம் சொல்லுங்க சார்.

1763. அந்த வருடம் பிரிட்டன் பிரான்சைத் தோற்கடித்து ஏழாண்டுப் போரை முடித்தது. கனடா கைக்கு வந்தது. கூடவே பெருங்கடனும் வந்தது. போருக்கு முன் இருந்த தேசியக் கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. புதிதாகப் பிடித்த நிலத்தைக் காக்க அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களை நிறுத்த முடிவு செய்தார்கள். அதற்கும் பணம் வேண்டும். உங்களைக் காக்கத்தானே இந்தப் படை, நீங்களும் ஒரு பங்கு கொடுங்கள் என்றது லண்டன். அந்தக் கோரிக்கையில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் குடியேறிகளின் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தது. பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், இனி யாரிடமிருந்து காக்க இந்தப் படை? அதே வருடம் அக்டோபரில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஓர் ஆணை போட்டார்: அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது. பூர்வகுடிகளோடு சண்டை மூளாமல் இருக்கப் போட்ட கோடு அது. மேற்கே நிலம் வாங்கி விற்க நினைத்திருந்த வர்ஜீனியாப் பெருந்தனக்காரர்களுக்கும், கொஞ்சம் நிலம் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றிருந்த ஏழை விவசாயிக்கும் அது ஒரே மாதிரி வலித்தது. அடுத்த ஆண்டு சர்க்கரைச் சட்டம். வெளிநாட்டு வெல்லப்பாகுக்கு இருந்த வரியைக் கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தார்கள். ஆனால் இந்த முறை விடாமல் வசூலிப்போம் என்றார்கள். அதுவரை கள்ளக்கடத்தலும் லஞ்சமுமாக ஓடிக்கொண்டிருந்த வியாபாரம் அது.

முத்திரைச் சட்டம்னா என்ன? அதுல அப்படி என்ன பெருசா இருந்துச்சு?

பத்திரப் பதிவுக்குப் போய் வந்தவர்களுக்கு முத்திரைத்தாள் தெரியும். அதே விஷயம்தான். 1765 நவம்பர் 1 முதல் அரசு முத்திரை குத்திய தாளில்தான் எழுத வேண்டும், அச்சிட வேண்டும் என்றது சட்டம். நிலப் பத்திரம், உயில், வழக்கு மனு, கப்பல் அனுமதிச் சீட்டு, செய்தித்தாள், பஞ்சாங்கம், கல்லூரிப் பட்டம் எல்லாவற்றுக்கும் முத்திரை. சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங், தாயக்கட்டைக்குப் பத்து ஷில்லிங். அதையும் பிரிட்டன் நாணயத்தில்தான் கட்ட வேண்டும். அந்த நாணயமோ அங்கே கைக்குக் கிடைப்பதே அரிது.

இந்தச் சட்டம் யாரைத் தொட்டது என்று பாருங்கள். வக்கீல், பத்திரிகை அச்சிடுபவர், வியாபாரி, மதுக்கடைக்காரர். ஊரில் அதிகம் பேசுகிறவர்களும் எழுதுகிறவர்களும் இவர்கள்தான். 1765 ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் ஒரு பெரிய எல்ம் மரத்தில், முத்திரை விற்பனைக்கு நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி தொங்கியது. அன்று இரவே அவர் வீடு தாக்கப்பட, அவர் பதவியே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். மற்ற குடியேற்றங்களிலும் இதே கதைதான். நவம்பர் 1 வந்தபோது முத்திரை விற்க ஏறக்குறைய ஆளே இல்லை. அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடி எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருந்தார்கள். அதுவரை தனித்தனித் தீவாக இருந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

வரி தாங்க முடியாத அளவுக்கு இருந்ததா? அதனாலதானே கிளம்பினாங்க?

இல்லை. பிரிட்டனில் வாழ்ந்தவர்கள் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் அமெரிக்கர்கள் கட்டியது மிகக் குறைவு. தேர்வில் "வரிச்சுமை தாங்காமல் வெடித்த புரட்சி" என்று எழுதாதீர்கள். அது தவறு.

சண்டை தொகையைப் பற்றியது இல்லை, உரிமையைப் பற்றியது. நான் வகுப்பில் இப்படிச் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு ரூபாய் எடுத்தால், ஒரு ரூபாய்தானே என்று விடுவீர்களா? இன்று ஒரு ரூபாய் எடுக்க விட்டால் நாளை நூறு ரூபாய் எடுக்கத் தடை ஏது? என் சட்டமன்றம் போடும் வரி நானே ஒப்புக்கொண்டு தருவது. எனக்கு ஓட்டே இல்லாத லண்டன் நாடாளுமன்றம் போடும் வரி பறித்துக்கொள்வது. "பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்ற முழக்கத்தின் பொருள் இதுதான்.

அப்ப லண்டன்ல நாலு சீட்டு கொடுத்திருந்தா பிரச்சினை தீர்ந்திருக்குமே?

எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். நல்ல கேள்வி. லண்டன் தரப்பு சொன்ன பதில் இது: மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற பெரிய ஊர்களுக்கே தனி உறுப்பினர் கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் பேரரசு முழுவதற்கும் சேர்த்துத்தான் பேசுகிறார், உங்களுக்கும் சேர்த்து. குடியேறிகளுக்கு இது செல்லாத காசு.

ஆனால் அவர்கள் சீட்டும் கேட்கவில்லை. 1765 நியூயார்க் கூட்டத்தின் தீர்மானத்திலேயே, எங்கள் நிலைமையில் லண்டன் பொதுச்சபையில் பிரதிநிதித்துவம் பெறுவது இயலாத காரியம் என்று எழுதிவிட்டார்கள். கப்பலில் ஒரு கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும் காலம். தவிர, நூற்றுக்கணக்கான உறுப்பினர்களுக்கு நடுவே நாலைந்து பேர் எழுந்து நின்று என்ன சாதிக்க முடியும்? அதைக் காட்டி வரியை மட்டும் நியாயப்படுத்திவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் சட்டமன்றம் எங்களிடமே இருக்கட்டும் என்பதே அவர்கள் கேட்டது.

முத்திரைச் சட்டத்தைத்தான் 1766ல வாபஸ் வாங்கிட்டாங்களே! அதோட முடிஞ்சிருக்கணுமே?

வாபஸ் வாங்கிய அதே மார்ச் மாதத்தில் இன்னொரு சட்டத்தையும் சேர்த்தே நிறைவேற்றினார்கள். குடியேற்றங்களை எல்லா விஷயத்திலும் கட்டுப்படுத்தும் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்று அது அறிவித்தது. பாஸ்டனில் வாபஸைக் கொண்டாடினார்கள். இந்த அறிவிப்பை அப்போது பலர் கண்டுகொள்ளவில்லை.

மறு ஆண்டே, 1767இல், நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், வண்ணச்சாயம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதி வரி போட்டார். இந்த முறை எதிர்ப்பு கடைத்தெருவில் நடந்தது. பிரிட்டன் சரக்கு வாங்குவதில்லை என்று வியாபாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ராட்டையில் நூல் நூற்றார்கள். வீட்டில் நெய்த முரட்டுத் துணி உடுத்துவது பெருமையாயிற்று. கதர் இயக்கம் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி உடனே புரியும். அரசியலே பேசாத வீடுகளுக்குள் அரசியல் நுழைந்த வழி இது. எந்தத் துணி உடுத்துகிறாய், என்ன குடிக்கிறாய் என்பதை வைத்தே நீ எந்தப் பக்கம் என்று ஊர் சொல்லிவிடும்.

1768 அக்டோபரில் லண்டன் அனுப்பிய படை பாஸ்டனில் வந்து இறங்கியது. கலகத்தை அடக்க வந்த படை, கலகத்துக்கே காரணமானது.

அஞ்சு பேர் செத்ததைப் போய் ஏன் படுகொலைன்னு சொல்றாங்க?

1770 மார்ச் 5, பனி படர்ந்த இரவு. சுங்க அலுவலகத்தின் முன் தனியாகக் காவல் நின்ற வீரனைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. வசவு, பனிக்கட்டி, தடி. உதவிக்கு வந்த சில வீரர்கள் சுட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். ஆப்பிரிக்க, பூர்வகுடி வழிவந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்ற கப்பல் தொழிலாளி அவர்களில் ஒருவர். பின்னணியில் கூலிப் பிரச்சினையும் இருந்தது. ஓய்வு நேரத்தில் வீரர்கள் குறைந்த கூலிக்கு வேலை பார்த்தார்கள். அதனால் உள்ளூர்த் தொழிலாளிகளுக்கு எரிச்சல். சில நாள் முன்புதான் கயிறு திரிக்கும் பட்டறை ஒன்றில் இரு தரப்புக்கும் கைகலப்பு நடந்திருந்தது.

"படுகொலை" என்ற பெயரை நிலைக்க வைத்தது பிரசாரம். வரிசையாக நின்ற படை, தளபதி ஆணையிட, நிராயுதபாணிகளைச் சுடுவதுபோல் பால் ரிவியர் என்ற வெள்ளி வேலைக்காரர் ஒரு படம் செதுக்கி அச்சிட்டார். படம் ஊர் ஊராகப் போனது. நடந்தது அப்படி இல்லை. அதே நேரம் வழக்கு நேர்மையாக நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ், ஊர் முழுக்க எதிர்த்து நின்றபோதும் வீரர்களுக்காக வாதாடினார். தளபதியும் ஆறு வீரர்களும் விடுதலையானார்கள். இருவர் மீது மட்டும் கொலை ஆகாத, மரணம் விளைவித்த குற்றம் நிரூபணமாகி, கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள். ஆடம்ஸ் செய்த இந்தக் காரியம் எனக்கு எப்போதும் மரியாதைக்குரியது.

தேயிலை விலை குறைஞ்சுதுன்னு படிச்சேன். விலை குறைஞ்சா யாராவது கோபப்படுவாங்களா?

டவுன்ஷெண்ட் வரிகளை 1770இல் நீக்கியபோது தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்தார்கள், வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்டுவதற்காக. பவுண்டு எடைக்கு 3 பென்ஸ். மூன்று வருடம் ஓரளவு அமைதியாகப் போனது. அதற்குள் கிழக்கிந்தியக் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை மலைபோல் கிடந்தது. கம்பெனியைத் தூக்கிவிட 1773இல் தேயிலைச் சட்டம் வந்தது. இடைத்தரகர் இல்லாமல் கம்பெனியே நேராக அமெரிக்காவுக்கு அனுப்பலாம், லண்டனில் கட்டும் வரி தள்ளுபடி. அதனால் விலை குறையும், ஆனால் 3 பென்ஸ் வரி அப்படியே இருக்கும்.

மேலே சட்டைப் பை உதாரணம் சொன்னேனே, அதை இங்கே பொருத்திப் பாருங்கள். மலிவான தேயிலையை வாங்கினால் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். விலைகுறைப்பைத் தூண்டில் புழுவாகப் பார்த்தார்கள். கூடவே வயிற்றுப் பிழைப்பும் இருந்தது. விற்பனை உரிமை ஆளுநருக்கு வேண்டப்பட்ட சிலருக்கே போனது. பாஸ்டனில் ஆளுநர் ஹட்சின்சனின் இரண்டு பையன்களும் அதில் உண்டு. மற்ற வியாபாரிகளுக்கும், டச்சுத் தேயிலை கடத்தி விற்றவர்களுக்கும் தொழில் போகும். கொள்கையும் லாபமும் ஒரே பக்கம் நின்றன. ஒன்றை மட்டும் சொல்வது பாதிக் கதை.

அன்னிக்கு ராத்திரி கடல்ல கொட்டினது நம்ம ஊர்த் தேயிலையா?

இல்லை, சீனத் தேயிலை. அஸ்ஸாமிலும் நீலகிரியிலும் தேயிலைத் தோட்டங்கள் வந்ததெல்லாம் அடுத்த நூற்றாண்டில். கொட்டியதில் பெரும்பகுதி "போஹீ" என்ற மலிவான கறுப்புத் தேயிலை.

1773 டிசம்பர் 16. டார்ட்மவுத், எலினார், பீவர் என்று மூன்று கப்பல்கள் துறையில் நின்றன. சரக்கை இறக்கி வரி கட்டக் கெடு மறுநாள் முடிகிறது. கப்பலைத் திருப்பி அனுப்ப ஆளுநர் சம்மதிக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த கூட்டத்துக்கு மாலையில் இந்தச் செய்தி வந்தது. முகத்தில் கரி பூசி, மொஹாக் பூர்வகுடிகள்போல் வேடமிட்ட ஒரு குழு துறைக்கு நடந்தது. மூன்று மணி நேரத்தில் 342 பெட்டிகளைக் கோடரியால் உடைத்துக் கொட்டினார்கள். மதிப்பு 9,659 பவுண்டு. நீர் வற்றிய நேரம் என்பதால் தேயிலை மூழ்காமல் கப்பலோரம் வைக்கோல் போர் மாதிரி குவிந்தது. அதைத் தள்ளித் தள்ளிவிட வேண்டியிருந்தது. மறுநாள் காலையிலும் மிதந்துகொண்டிருந்ததைப் படகில் போய்த் துடுப்பால் அடித்து அமுக்கினார்கள். தேயிலையைத் தவிர மற்ற சரக்கைத் தொடவில்லை. சட்டைப் பையில் தேயிலையைத் திணித்தவனைக் கூட்டமே பிடித்து விரட்டியது.

இந்தியாவோடு தொடர்பு தேயிலையில் இல்லை, கம்பெனியில் இருக்கிறது. 1770 வங்காளப் பஞ்சத்தில் கம்பெனி நடந்துகொண்ட விதம் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கும் போயிருந்தது. பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் 1773இல் புனைபெயரில் எழுதிய கடிதத்தில் வங்காளத்தில் பட்டினியால் செத்தவர்களைக் காட்டி, இந்தக் கம்பெனியை நம் நிலத்திலும் விடலாமா என்று கேட்டார். வங்காளத்தின் சாவு பிலடெல்பியாவில் ஒரு வாதமாக நின்றது.

பாஸ்டன்காரன் செஞ்சதுக்கு மத்த காலனி எல்லாம் ஏன் கூட நின்னுச்சு?

என்னைக் கேட்டால், மனக்கசப்பு போராக மாறியது இந்த இடத்தில்தான். தேயிலையைக் கொட்டியது தவறு, நஷ்டஈடு கொடுத்துவிடலாம் என்று நினைத்தவர்கள் அமெரிக்காவிலேயே நிறைய. லண்டனில் குடியேற்றங்களுக்காகப் பேசிவந்த பெஞ்சமின் ஃபிராங்ளினே அப்படித்தான் சொன்னார். ஆனால் லண்டன் 1774இல் ஊரையே தண்டித்தது. ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்துக்குப் பூட்டு. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் மேலவையை இனி மன்னரே நியமிப்பார். அனுமதி இல்லாமல் வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஊர்க்கூட்டம் போடக் கூடாது. இன்று மாசசூசெட்ஸுக்கு, நாளை நமக்கு என்று மற்றவர்களுக்குப் புரிந்தது. தென் கரோலினாவிலிருந்து அரிசி வந்தது; கனெக்டிகட்டிலிருந்து இஸ்ரேல் பட்னம் ஆட்டு மந்தையையே ஓட்டிக்கொண்டு வந்தார்.

இவ்வளவு வேகமாகச் சேர முடிந்தது எப்படி? 1772 முதலே சாமுவேல் ஆடம்ஸ் போன்றவர்கள் ஊருக்கு ஊர் கடிதப் போக்குவரத்துக் குழுக்களை அமைத்திருந்தார்கள். முத்திரை எதிர்ப்பு, சரக்குப் புறக்கணிப்பு என்று பத்து வருடம் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கிப் பழகிய கைகள் அவை. கோபம் எல்லா நாட்டிலும் இருக்கும். கோபத்துக்குக் கை கால் முளைத்தது இந்தக் குழுக்களால்.

ஒரு காட்சி சொல்கிறேன். 1774 செப்டம்பர் 6, மாசசூசெட்ஸின் வூஸ்டர் ஊர். புதிய சட்டப்படி நீதிமன்றம் கூட வேண்டிய நாள். சுற்றுவட்டார 37 ஊர்களிலிருந்து 4,622 பேர் அணி அணியாக வந்து தெருவின் இருபுறமும் நின்றார்கள். நீதிபதிகளும் அதிகாரிகளும் தொப்பியைக் கையில் பிடித்தபடி அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்து, புதிய சட்டத்தின் கீழ் வேலை பார்க்க மாட்டோம் என்று திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே போனார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. பாஸ்டனுக்கு வெளியே மன்னர் ஆட்சி அந்த மாதமே முடிந்துவிட்டது என்பேன். அதே செப்டம்பரில் பிலடெல்பியாவில் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சேர்ந்த முதல் கண்ட மாநாடு (காங்கிரஸ்) கூடியது. ஜார்ஜியா தவிர 12 குடியேற்றங்கள் வந்தன.

முதல் குண்டை யார் சுட்டது?

யாருக்கும் தெரியாது. 1775 ஏப்ரல் 18 இரவு, கான்கார்டில் பதுக்கிய ஆயுதங்களைப் பறிமுதல் செய்யப் பாஸ்டனிலிருந்து சுமார் 700 வீரர்கள் கிளம்பினார்கள். மறுநாள் விடியற்காலை வழியில் லெக்சிங்டன் ஊர்த் திடலில் எழுபது, எண்பது ஊர்க்காவலர்கள் நின்றார்கள். கலைந்து போகச் சொன்னார்கள். கலையத் தொடங்கியபோது எங்கோ ஒரு வெடி. சில நிமிடத்தில் எட்டு அமெரிக்கர்கள் செத்துக் கிடந்தார்கள். யார் சுட்டது என்று இரு தரப்பும் மாற்றி மாற்றிச் சாட்சி சொன்னது.

அன்று உண்மையான சண்டை திரும்பி வரும் வழியில்தான். கல்சுவர் மறைவிலும் மரத்தின் பின்னாலும் நின்று ஊர்க்காரர்கள் சுட்டுக்கொண்டே வந்தார்கள். பிரிட்டன் தரப்பில் 73 பேர் இறந்தார்கள், அமெரிக்கத் தரப்பில் 49. சில நாளில் ஆயிரக்கணக்கான ஊர்க்காவலர்கள் பாஸ்டனையே முற்றுகையிட்டார்கள்.

போர் 1775ல, பிரகடனம் 1776ல. நடுவுல ஒரு வருஷம் எதுக்காகச் சண்டை போட்டாங்க?

தேர்வில் பலர் தடுமாறும் இடம். அந்த ஒரு வருடத்துக்கும் மேலான காலத்தில் அவர்கள் விடுதலைக்காகப் போரிடவில்லை, பழைய உரிமைகளைத் திரும்பப் பெறவே போரிட்டார்கள். எதிரே நிற்பது மன்னரின் படை என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், "அமைச்சரவைப் படை" என்பார்கள். மன்னர் நல்லவர், சுற்றியிருப்பவர்கள் கெட்டவர்கள் என்ற நம்பிக்கை. 1775 ஜூனில் ஜார்ஜ் வாஷிங்டனைத் தளபதியாக்கிய அதே காங்கிரஸ், ஜூலையில் மன்னருக்குச் சமாதான விண்ணப்பமும் எழுதியது.

மன்னர் அந்த விண்ணப்பத்தைப் பெறவே மறுத்தார். ஆகஸ்ட் 23 அன்று குடியேற்றங்கள் கலகத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். டிசம்பரில் அமெரிக்கக் கப்பல்களை எதிரிக் கப்பலாகப் பிடிக்கலாம் என்று சட்டம் வந்தது. ஜெர்மானியக் கூலிப்படை எடுக்கிறார்கள் என்ற செய்தியும் வந்தது. எங்களைக் குடிமக்களாக நினைக்காதவரை நாங்கள் ஏன் மன்னராக நினைக்க வேண்டும் என்ற கேள்வி தானாக எழுந்தது. 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் ஒரு சிறு நூல் வெளியிட்டார், பெயர் "பொது அறிவு". இங்கிலாந்திலிருந்து வந்து பதின்மூன்று மாதமே ஆன மனிதர். மன்னராட்சியே வேண்டாம் என்று, கொல்லனும் தையல்காரனும் படிக்கும் மொழியில் எழுதினார். மனதுக்குள் இருந்ததை வாய்விட்டுச் சொல்ல அது துணிவு தந்தது.

ஜூலை 4 சரியா, ஜூலை 2 சரியா?

விடுதலைக்கு வாக்களித்தது ஜூலை 2. தாமஸ் ஜெபர்சன் எழுதிய பிரகடன வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. வருங்காலத் தலைமுறை ஜூலை 2ஐக் கொண்டாடும் என்று ஜான் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதினார். தேர்வுக்கு ஜூலை 4 எழுதுங்கள்.

எல்லாரும் ஒண்ணா நின்னாங்களா?

இல்லவே இல்லை. வெள்ளையர்களில் ஐந்தில் ஒருவர் வரை மன்னர் பக்கம் இருந்திருப்பார்கள் என்று வரலாற்றாளர்கள் கணிக்கிறார்கள். இரண்டு பக்கமும் சேராமல் இருக்கப் பார்த்தவர்களும் ஏராளம். மேலே சொன்ன குழுக்களுக்கு இன்னொரு முகம் உண்டு. சேராதவர்கள் பெயரைப் பத்திரிகையில் போட்டு ஒதுக்கிவைத்தார்கள், சில இடங்களில் உடம்பில் தார் பூசி இறகு ஒட்டி ஊர்வலம் விட்டார்கள். ஃபிராங்ளினின் மகன் வில்லியம் நியூஜெர்சியின் ஆளுநர். மன்னர் பக்கமே நின்று சிறை போனார். அப்பாவும் பிள்ளையும் பிறகு மனம் ஒட்டவே இல்லை. போர் முடிந்தபின் அறுபதாயிரம் பேர் வரை நாட்டைவிட்டுப் போனார்கள், பெரும்பாலோர் கனடாவுக்கு.

அடிமைகளை வெச்சுக்கிட்டே சுதந்திரம் பேசினாங்களே, அது சரியா?

சரியில்லை. அந்தக் காலத்திலேயே அதைச் சொன்னவர்கள் உண்டு. 1773இல் மாசசூசெட்ஸின் அடிமைகள், நீங்கள் கேட்கும் அதே உரிமையை எங்களுக்கும் கொடுங்கள் என்று சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் ஓடிவந்து மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். இரக்கத்தால் செய்ததில்லை, அவரே அடிமைகள் வைத்திருந்தவர். ஆனால் ஆயிரக்கணக்கானோர் விடுதலையைத் தேடி பிரிட்டன் பக்கம் ஓடினார்கள். வாஷிங்டன் வீட்டு அடிமையான ஹாரி வாஷிங்டன் அவர்களில் ஒருவர். நோவா ஸ்கோஷியா போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோன் வரை போனார். தயங்கிக்கொண்டிருந்த தெற்கத்திப் பண்ணையார்கள் பலரை விடுதலைப் பக்கம் தள்ளியதும் டன்மோரின் இந்த அறிவிப்புதான் என்பது கசப்பான உண்மை.

பூர்வகுடிகள் இன்னும் மோசமாக இழந்தார்கள். 1763 கோடு பற்றி மேலே சொன்னேன். 1783 பாரிஸ் உடன்படிக்கை மிசிசிப்பி ஆறு வரை நிலத்தை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. அங்கே வாழ்ந்த மக்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

எங்கயாவது நிறுத்தியிருக்க முடியுமா, இல்ல போர் வந்தே தீருமா?

நிறுத்தியிருக்கலாம் என்றே நினைக்கிறேன். 1775 ஜனவரியில், ஏழாண்டுப் போரை வென்று கொடுத்த வில்லியம் பிட்டே பிரபுக்கள் சபையில் எழுந்து, பாஸ்டனிலிருந்து படையைத் திரும்பப் பெறுங்கள் என்றார். ஃபிராங்ளின் அன்று அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். 68க்கு 18 என்று தோற்கடித்தார்கள். லெக்சிங்டனுக்கு மூன்று மாதம் முன்பு இது. 1777இல் சாரடோகாவில் ஒரு முழு ஆங்கிலேயப் படை சரணடைந்த பிறகு, 1778இல் வரி போடும் உரிமையையே விட்டுத்தருகிறோம் என்று லண்டன் தூது அனுப்பியது. 1765இல் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. அதற்குள் இவர்கள் தனி நாடாகி, பிரான்சோடு உடன்படிக்கையும் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் லண்டன் கொடுத்தது, முந்தைய கேள்விக்கான பதில்.

இந்தப் போருக்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

நேரடியாகவே இருக்கிறது. 1778இல் பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததும் சண்டை இங்கேயும் வந்தது. அந்த அக்டோபரிலேயே ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு மாஹேயைப் பிடிக்க, அந்தத் துறை வழியே ஆயுதம் பெற்றுவந்த ஹைதர் அலிக்கு ஆத்திரம். 1780இல், அப்போது கர்நாடகம் என்று சொல்லப்பட்ட ஆற்காட்டுப் பகுதிக்குள் படையோடு இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படையை நொறுக்கினார். இது அமெரிக்காவிலும் தெரிந்த செய்தி. பென்சில்வேனியா ஒரு போர்க்கப்பலுக்கு "ஹைதர் அலி" என்றே பெயர் வைத்தது. 1782இல் அந்தக் கப்பல் டெலாவேர் விரிகுடாவில் "ஜெனரல் மங்க்" என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தது.

1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடமும் பிரெஞ்சுப் படையிடமும் சரணடைந்த காரன்வாலிஸ், ஐந்தே வருடத்தில் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானிடமிருந்து பாதி நாட்டை எழுதி வாங்கினார். திண்டுக்கல்லும் சேலம் பக்கத்துப் பாராமஹாலும் அப்படித்தான் கம்பெனி கைக்குப் போயின.

இன்னொன்று. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே, சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பல்களும் மோதின. இரு பக்கமும் நூறு நூறு பேர் அளவில் செத்தார்கள், ஒரு கப்பலும் மூழ்கவில்லை. பிரிட்டனும் பிரான்சும் முதற்கட்டச் சமாதானத்தில் கையெழுத்திட்டது அந்த வருடம் ஜனவரி 20இல். செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில்.